மெட்டில்டா பெயரில் ஒரு என்ஜின்

வங்கி மேலாளர் கணினித் திரையைத் திருப்பிக் காட்டியபோது, மெட்டில்டாவின் பெயருக்குப் பக்கத்தில் கடன் மதிப்பெண் 538 என்று சிவப்பில் இருந்தது. திரேஸ்புரத்தில் கருவாடு விற்று, மகளிர் குழுக் கடனை ஒரு தவணை பிந்தாமல் கட்டியவள் அவள். அவள் பெயரில் படகு என்ஜினுக்கு ஒரு கடன் இருக்கிறதாம், பதினோரு மாதமாகக் கட்டவில்லையாம். அதை முடிக்காமல் மகள் அனிஷாவின் நர்சிங் படிப்புக்குக் கடன் கிடையாது. கல்லூரியில் பணம் கட்ட இரண்டு மாதம்தான் இருந்தது.

போன வருஷம் மீன்பிடித் தடைக்கால நிவாரணத்துக்கு என்று தம்பி சிலுவை நாலு இடத்தில் கையெழுத்து வாங்கினான். போனில் வந்த ஓடிபியையும் கேட்டான். கடன் கொடுப்பவர்களிடம் தன் பெயர் கெட்டுக் கிடந்ததால் அக்கா பெயரைத் தின்றிருக்கிறான். போலீசுக்குப் போகலாம் என்றார் மேலாளர். போனால் ஊர் கூடிச் சமாதானம் பேசி அவனைக் காப்பாற்றிவிடும் என்று மெட்டில்டாவுக்குத் தெரியும். கடன் அறிக்கையின் நகலை வாங்கி, அனிஷாவை வரிவரியாக வாசிக்கச் சொன்னாள். பிறகு என்ஜின் கடைக்குப் போய்ப் பழைய பில்லைத் தேடச் சொன்னாள். பில்லும் அவள் பெயரில்தான் இருந்தது. அப்படியானால் என்ஜினும் அவளுடையதுதான்; அன்றைக்குத்தான் அவளுக்கு வயிறு குளிர்ந்தது.

கடன் கொடுத்த கம்பெனியில் கேட்டாள். பாக்கியை முழுசாகக் கட்டினால் விற்றுக்கொள்ளலாம் என்றார்கள். பழைய என்ஜின் வாங்கி விற்கும் ராஜதுரை கிடைத்தார்; விலைப் பணத்தில் பாக்கியை நேராகக் கம்பெனியில் கட்டிவிடுவதாகச் சொன்னார். மறுநாள் சிலுவையின் படகு கரையோரம் வந்து நின்றபோது, லோடு ஆட்டோவோடும் பில்லோடும் மெட்டில்டா மணலில் நின்றாள்.

சிலுவை பில்லைப் பார்த்ததும் குரலை இறக்கினான். "யக்கா, பாதி கட்டுனா கணக்க முடிச்சிருதேன்னு கம்பெனிக்காரன் சொல்லுதான். நான் பெரட்டிருதேன். நெத்திலி படுத நேரம், என்ஜினத் தொடாத."

பாதி கட்டி முடித்தால் அந்தக் கறை வருஷக்கணக்கில் அறிக்கையில் நிற்கும் என்று மேலாளர் சொல்லியிருந்தார்.

"பாதி கட்டுனா பாதிப் பேருதாம்ல வரும். எனக்கு என் பேரு முழுசா வேணும்."

"நான் எதுல கடலுக்குப் போவேன்?"

"இம்புட்டு நாளும் என் பேர்ல போன. இனி உன் பேர்ல போ."

உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிக்கட்டும் என்று கரையில் யாரோ முனகினார்கள். என்ஜினைக் கழற்றித் தூக்கியபோது அதிலிருந்து சொட்டிய கடல்நீர் அவள் காலை நனைத்தது. அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது, கொஞ்சம் கூட வெட்கமில்லாத சந்தோஷம்.

ஆட்டோ கிளம்பியபோது திரும்பிப் பார்த்தாள். மற்றப் படகுகள் ஒவ்வொன்றாக என்ஜினை முடுக்கிக் கிளம்பின. அவை கிளப்பிய அலையில் சிலுவையின் படகு பக்கவாட்டில் சாய, அவன் இடுப்பளவு தண்ணீரில் நின்று அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தான்.