உதடு மட்டும்

பாட்டுப் பயிற்சி முடிந்து மற்றவர்கள் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது, ஓரகத்தி அவள் கையைப் பிடித்துக் தேவாலயத்தின் பக்கவாட்டுக் கதவோரம் கூட்டிப்போனாள்.

"அக்கா, ஞாயித்துக்கிழமை நீங்க எனக்கு நேர் எதிர்ல நிக்கிறீங்களா? பயத்துல எழுத்தெல்லாம் ஓடுது. புஸ்தகத்தப் பாத்தா ஒண்ணுமே தெரியல. நீங்க வாய மட்டும் அசைங்க, அதப் பாத்து பாடிடுவேன்."

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். உள்ளே பற்றி எரிந்தது.

அவளுக்கு ஊர் வைத்த பெயர் குயிலக்கா. பேருந்து நிலையத்தில் எந்த வண்டி எங்கே நிற்கிறது என்று ஒலிபெருக்கியில் சொல்லும் வேலை. அந்தக் குரலுக்காகவே வண்டி தாமதமானாலும் கோபம் வருவதில்லை என்று நடத்துநர்கள் கேலி பேசுவார்கள். கோயிலிலும் தனிப்பாட்டு என்றால் அவள்தான். பிறகு கழுத்தில் ஒரு கட்டி. குரல் நரம்பு பக்கத்திலேயே ஓடுகிறது, எதற்கும் தயாராக இருங்கள் என்று மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார். கட்டி போயிற்று, கூடவே குரலும் போயிற்று. மிஞ்சியது சிமெண்டுத் தரையில் தகரத்தை இழுக்கிற சத்தம். வறளும் தொண்டைக்கு எங்கே போனாலும் கூடவே ஒரு வெந்நீர் பிளாஸ்க். வேலையைப் பார்சல் அறைக்கு மாற்றினார்கள். ஆனாலும் குயிலக்கா என்று கூப்பிடுவதை மட்டும் யாரும் நிறுத்தவில்லை. அதைவிடக் கொடுமை வேறென்ன இருக்கிறது?

தனிப்பாட்டு ஓரகத்திக்குப் போனது. கொழுந்தனைக் கட்டிக்கொண்டு வந்த புதிதில் அவளுக்குத் தொடையில் தாளம் போட்டுச் சொல்லிக்கொடுத்ததே இவள்தான். 'கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை' என்று அன்றிரவு கணவனிடம் சிரித்ததும் இவள்தான். இப்போது அந்தச் சின்னவளின் குரல் வழவழவென்று மேலே ஏறும்போது, பின்வரிசையில் சத்தமில்லாமல் வாயசைத்துக்கொண்டு நிற்கிறாள். குழுவை விட்டு விலகினால் ஊரே 'ஐயோ பாவம்' சொல்லுமே என்றுதான் நிற்கிறாள்.

தினமும் காலையில், குக்கர் விசில் அடிப்பதற்குள் ஒரு ஜெபம் உண்டு. "ஆண்டவரே, உம்ம சித்தம். ஆனா..." அந்த ஆனாவுக்குப் பிறகுதான் ஜெபமே தொடங்கும். பேரம் பேசுவாள், அழுவாள், குரலைத் திருப்பிக் கொடுத்தால் உமக்காக மட்டுமே பாடுவேன் என்பாள். இத்தனை நாளும் யாருக்காகப் பாடினாய் என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை கோயில் நிறைந்திருந்தது. பாடகர் குழு பீடத்துக்கு இரண்டு பக்கமும் எதிரெதிராக நின்றது. பல்லவியும் முதல் இரண்டு சரணங்களும் இவள் உதட்டிலிருந்து கிளம்பி அவள் தொண்டையில் பாட்டாகின. யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்று தனக்குத்தானே கசப்பாகச் சொல்லிக்கொண்டாள்.

மூன்றாவது சரணம் வந்தது. ஆர்மோனியம் இடம் கொடுத்துக் காத்திருந்தது. சின்னவள் இவளையே பார்த்தாள்.

இவள் உதடு திறக்கவில்லை. வேண்டுமென்றேதான் மூடியிருந்தாள். விழட்டுமே என்று ஒரு நினைப்பு வந்தது. அது இனித்தது, உண்மையாகவே இனித்தது. அந்த இனிப்பை உணர்ந்த மறுகணம் அவளுக்கு உடம்பு பதறியது. ஆண்டவரே, நானா இது?

சட்டென்று வாயசைத்தாள். ஆனால் அதற்குள் சின்னவளின் கண்கள் நிறைந்து வழிந்தன. அவளால் எதையும் பார்க்க முடியவில்லை. ஆர்மோனியம் இரண்டாம் முறையும் அந்த இடத்துக்கு வந்தது. முன்வரிசையில் யாரோ செருமினார்கள். இனி உதடு போதாது.

குயிலக்கா பாடினாள்.

முதல் சொல் தகரமாகத்தான் வந்தது. ஒரு குழந்தை திரும்பிப் பார்த்தது. பாடகர் குழுத் தலைவர் கையைக் காற்றிலேயே நிறுத்தினார். முகம் தீயாய்ச் சுட்டது. அடுத்த சொல் அதைவிட மோசம். ஊருக்கு எந்தச் சத்தம் கேட்கக் கூடாது என்று இத்தனை நாள் மறைத்தாளோ, அதே சத்தம் கடைசி பெஞ்சு வரை போனது. அவள் நிறுத்தவில்லை. மூன்றாவது சொல்லில் சின்னவளின் குரல் வந்து பிடித்துக்கொண்டது. கரகரப்பு கீழே, வழவழப்பு மேலே என்று சரணம் முடியும்வரை இரண்டும் சேர்ந்தே போயின.

பெஞ்சில் இவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்ததும், "அக்கா, கண்ணு மறைச்சிருச்சு" என்றாள் சின்னவள்.

"இல்ல. நான்தான் வாய மூடிக்கிட்டேன்."

சின்னவள் அவளை நிமிர்ந்து பார்த்தாள். அதற்குள் போதகர் எல்லோரையும் ஜெபத்துக்கு அழைத்தார்.

குயிலக்கா கண்ணை மூடினாள். "ஆண்டவரே, உம்ம சித்தம்." பழக்கத்தில் அடுத்த சொல்லுக்காகத் தொண்டை திறந்தது. வந்தது ஒரு இருமல்தான், வறண்ட, நீண்ட இருமல். கண்ணைத் திறக்காமலே கையால் பெஞ்சில் துழாவினாள். அவளுடைய வெந்நீர் பிளாஸ்க்கை யாரோ மூடி திறந்து அவள் விரல்களுக்கருகே நகர்த்தி வைத்திருந்தார்கள்.