ஒரு லாட்டுக்கு ஒரே ரிசல்ட்

தனுஷ்கோடி அண்ணாச்சி மேல் அசீனாவுக்குச் சந்தேகம் வந்தது ஒரு திங்கட்கிழமை காலையில். ராஜபாளையத்து பேண்டேஜ் கம்பெனியில் அவர் துணியில் கிருமி செத்ததா என்று பார்க்கும் டெஸ்ட் ரூமைக் கவனிப்பவர், இருபது வருஷ சர்வீஸ். இவள் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ் ஏறி வந்து கம்ப்யூட்டர் பார்ப்பவள், எட்டு மாச சர்வீஸ்.

தொண்ணூற்றொன்பதில் அந்த வட்டாரத்தில் பெர்ல் என்ற கம்ப்யூட்டர் மொழி தெரிந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அந்தத் திமிர் அவளுக்குக் கொஞ்சம் உண்டு. டேட்டாபேஸிடம் ஒவ்வொரு தடவையும் எஸ்க்யூஎல் என்ற அதன் மொழியில் நீட்டி முழக்கிக் கேட்பானேன் என்று தானே பெர்லில் ஒரு மாட்யூல் எழுதி வைத்திருந்தாள். டேபிளின் ஒவ்வொரு வரியும் அதில் தனி ஆளைப்போல ஒரு ஆப்ஜெக்ட். ஒரே தடவையில் தயாரான பேண்டேஜ்களுக்கு ஒரு லாட் நம்பர்; அந்த லாட்டைக் கூப்பிட்டு டெஸ்ட் ரிசல்ட் கேட்டால், அதுவே போய் எடுத்துவந்து கொடுத்துவிடும்.

அன்று பதினோரு லாட்டுக்கு அது ‘ஃபெயில்’ என்றது. பதினொன்றும் ஆஸ்பத்திரிகளுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டவை. அனுப்பலாம் என்று கையெழுத்துப் போட்டவர் தனுஷ்கோடி.

அன்று காலை முழுக்க அவர் செய்ததெல்லாம் அவளுக்குக் கோணலாகவே தெரிந்தது. பீரோவைப் பூட்டினால் ஏன் பூட்டுகிறார்? சிரித்தால் எதற்குச் சிரிக்கிறார்? கிருமி சாகாத துணியை எந்தப் பச்சைப்பிள்ளையின் புண்ணில் கட்டினார்களோ என்று நினைத்துக்கொண்டாள். அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் உஷாராகிவிடுவாரே! பிரிண்ட் எடுத்து நேராக மேனேஜர் ஜகந்நாதனிடம் நீட்டினாள். மத்தியானத்துக்குள் தனுஷ்கோடியை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள்.

மறுநாள், துணியில் கிருமியைக் கொல்லும் ஆவி மெஷின் ஓட்டும் முத்தாத்தாள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வந்து நின்றாள்.

“ஏட்டி, ஃபெயிலான லாட்ட நாங்க திரும்ப ஆவில வைப்போம், தெரியுமா? பொறவு அண்ணாச்சி ரெண்டாவது டெஸ்ட் எடுப்பாவ. பாக்கெட்ல நம்பர் அச்சடிச்சாச்சு, மாத்த ஏலாது. அதே நம்பர்லதான் அதையும் எழுதுவாவ.”

அசீனா மாட்யூலை ஒதுக்கிவிட்டு எஸ்க்யூஎல்லிலேயே கேட்டாள். பதினோரு லாட்டுக்கும் இரண்டிரண்டு வரிகள் வந்தன. முதலில் ஃபெயில், அடுத்து பாஸ். ஒரு லாட்டுக்கு ஒரே ரிசல்ட் என்று மாட்யூலில் எழுதியவள் அவள்தான். அது முதல் வரியை எடுத்துக்கொண்டு பேசாமல் இருந்துவிட்டது.

வாயை மூடிக்கொண்டால் தன் வேலை தப்பும் என்று ஒரு கணம் நினைக்கத்தான் செய்தாள். பிறகு ஜகந்நாதனிடம் போய் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள்.

ஜகந்நாதன் ஆள் அனுப்ப, புதன்கிழமை தனுஷ்கோடி திரும்ப வேலைக்கு வந்தார். ஒரு வார்த்தை ஏசவில்லை. பதினோரு மணிக்கு, லாட்டை அனுப்பலாம் என்று அவர் கையெழுத்துப் போடும் ரிஜிஸ்டரோடு வந்து அவள் மேஜையில் விரித்தார்.

“இதுல நீங்களும் ஒரு கையெழுத்துப் போட்டுருங்க.”

“எதுக்கு அண்ணாச்சி? உங்க கையெழுத்து ஒண்ணு போதுமே.”

“திங்கக்கிழமை வரைக்கும் நானும் அப்படித்தாம்மா நெனச்சிட்டிருந்தேன்.”