ஆறு தாவிய வருடம்

1

இந்தக் கதை ஆற்றிலிருந்து வரவில்லை. ஒரு சட்டக் கோட்பாட்டிலிருந்து வந்தது. நிலத்தின் எல்லை ஆறு என்று பத்திரம் சொன்னால், ஆறு மெல்ல நகரும்போது எல்லையும் கூடவே நகரும். ஒரே வெள்ளத்தில் ஆறு தாவிவிட்டால் எல்லை பழைய இடத்திலேயே நிற்கும்.

பெங்களூரு வைட்ஃபீல்ட் மெட்ரோவில் நின்றபடி போனில் இதைப் படித்தேன். இப்படி இரண்டு வாக்கியங்கள் நான் எழுதியதில்லையே என்று இருந்தது. பிறகுதான், இதனால் நிலத்தை இழக்கப்போகிறவர் யார் என்று யோசித்தேன். வரிசை தலைகீழாக இருந்திருக்க வேண்டும்.

2

முதல் தொடக்கம்: தென்பெண்ணையில் அன்று காலை வெண்பனி

[நிறுத்திவிட்டேன். அது கழிவுநீரின் நுரை.]

இரண்டாவது: வேதநாயகி பொம்மனஹள்ளியில் வாடகை வீட்டில் இருக்கிறார். சர்ஜாபுரத்துக்கு அப்பால், ஆற்றின் கிழக்குக் கரையில், அவருடைய அப்பா கொடுத்த நிலம் இருக்கிறது. அங்கே வீடு கட்ட வேண்டும். கணவர் கோதண்டராமன் ஐடி அலுவலகங்களுக்கு கேப் ஓட்டுகிறார். மேற்குக் கரை நாகேஷுடையது. ஆறு இப்போது கிழக்கே தள்ளி ஓடுகிறது. வேதநாயகியின் நிலத்தில் பெரும்பகுதி நாகேஷின் கரையோடு ஒட்டிக்கொண்டுவிட்டது.

இதையே வைத்துக்கொள்கிறேன்.

3

நாகேஷை முதல் வரைவில் நிலம் பிடுங்குபவராக எழுதினேன். விரலில் மோதிரம்கூடப் போட்டேன். எழுத எளிதாக இருந்தது. நம்ப முடியவில்லை.

ஒவ்வொரு மழைக்கும் ஆறு கிழக்குக் கரையைக் கொஞ்சம் அரித்தது. வேலிக் கம்பங்கள் தண்ணீருக்குள் சாய்ந்தன. ஆயுத பூஜை அன்று கோதண்டராமன் அவற்றைப் பிடுங்கி உள்ளே தள்ளி நடுவார். நாகேஷ் முழங்கால் தண்ணீரில் இறங்கி வந்து கம்பத்தைப் பிடித்துக்கொள்வார். நட்டதும் பூசணிக்காய் உடைப்பார்கள்.

"கேட்டுக்கிட்டே இருக்கே நாகேஷா, இந்த ஆறு."

"பர்லி பிடு அண்ணா. ஓரடிதானே?" [கன்னடம். வரட்டும் விடு என்கிறார்.]

"உன் பக்கம் வளருது. நீ சொல்லமாட்டியா பின்ன?"

"வளர்ந்த இடத்துல கீரை போடறேன். பாதி உனக்கு. போதுமா?"

கீரை வந்தது. வேதநாயகி அதைக் கடைந்தார். வேலியைப் பற்றி அவரிடம் யாரும் சொல்லவில்லை.

4

பிறகு ஒரு வருடம், ஒரே மழையில், ஆறு தாவியது. நிலத்தின் நடுவே புது வழி வெட்டிக்கொண்டு ஓடியது. சட்டப்படி எல்லை பழைய இடத்தில்தான். ஏற்கெனவே அரித்துப் போனதற்குமேல் வேதநாயகி எதையும் இழக்கவில்லை.

அந்த ஆயுத பூஜைக்கும் கோதண்டராமன் போனார். மிஞ்சிய கம்பங்களைப் புதுக் கரையில் நட்டார். நாகேஷ் பிடித்துக்கொண்டார். பூசணிக்காய் உடைத்தார்கள்.

[இந்தப் பத்தியை எடுத்துவிடப் பார்த்தேன். அன்று அவரைக் காய்ச்சலில் படுக்கவைத்தேன். எழுந்ததும் போயிருப்பார்.]

5

அடுகோடி. வேதநாயகியின் வழக்கறிஞர் பிரிஜெட்டின் அறை. நிலம் யாருடையது என்று வழக்கு.

"ஆறு தாவிச்சுன்னா, ஏன் சார் வழக்கம்போல வேலியை நகர்த்துனீங்க?"

"பூஜை வந்துச்சு மேடம்."

"வருஷா வருஷம் மெதுவாத்தான் நகர்ந்துச்சு, நீங்களே ஒத்துக்கிட்டு வேலி போட்டீங்கன்னு எதிர்த்தரப்புக்காரங்க சொல்வாங்க."

வேதநாயகி ஜன்னலைப் பார்த்துச் சொன்னார்: "ஆத்தைக் கேட்டாரு, நாகேஷைக் கேட்டாரு. நிலம் யார் பேர்ல இருக்கோ அவளை மட்டும் கேட்கலை."

வெளியே வந்ததும் கணவரிடம் மெதுவாகச் சொன்னார்: "அந்த வருஷம் போகலைன்னு சொல்லிடுங்க."

வழக்கு வந்ததே, புதுக் கரைவரை உள்ள நிலத்தை நாகேஷ் அடுக்ககம் கட்டுபவர்களுக்கு எழுதிக் கொடுத்துவிட்டதால்தான். நீதிமன்ற வாசல் கடையில் கோதண்டராமனைப் பார்த்ததும், பழக்கத்தில், ஒன்றை இரண்டாகப் பிரித்துத் தரும் பை-டூ காபி சொல்லிவிட்டார். இருவரும் குடித்தார்கள்.

"நீ ஒரு வார்த்தை கேட்டிருந்தா கையெழுத்துப் போட்டிருக்க மாட்டேன் அண்ணா."

"நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா கேட்டிருப்பேன்டா."

6

சாட்சிக் கூண்டில் கோதண்டராமன். ஆறு தாவிய வருடம், ஆயுத பூஜைக்கு, ஆற்றங்கரைக்குப் போனீர்களா? இதுதான் கேள்வி.

முடிவு அ: போகவில்லை என்கிறார். நிலம் நிற்கிறது. அன்று கம்பத்தைப் பிடித்தேன் என்று சொல்லும் நாகேஷ் பொய்யனாகிறார்.

முடிவு ஆ: போனேன் என்கிறார். நிலம் போகிறது. உண்மையைச் சொல்லி, ஆறு தாவியது என்ற உண்மையைத் தோற்கிறார்.

முடிவு இ: போனேன், ஆனால் ஆறு

[இந்த 'ஆனால்'-ஐ யாரும் முழுதாகக் கேட்கமாட்டார்கள். ஆம் அல்லது இல்லை என்று மட்டும் சொல்லச் சொல்வார்கள்.]

அ-வை எழுதினேன். அவர் நாகேஷைப் பார்க்காமல் இறங்கினார். ஆ-வை எழுதினேன். வேதநாயகியைப் பார்க்காமல் இறங்கினார். இரண்டையும் கிழித்தேன்.

நீதிபதி காத்திருக்கிறார். பதிலை நீங்கள் சொல்லுங்கள். ஆனால் சொன்னபிறகு பொம்மனஹள்ளிவரை வண்டி ஓட்டப்போவது நீங்களும் இல்லை, நானும் இல்லை. அவர்தான். பக்கத்து இருக்கையில் வேதநாயகி இருப்பார்.