பச்சைக் கட்டத்தில் ஒரு சொட்டு

குறை சொல்லாமல் மீட்டருக்கு ஒரு வாய் தண்ணீர்கூட இறங்காது. லிப்ட் பழுது பார்க்கும் கம்பெனியில் அவருக்கு 'மீட்டர்' என்ற பெயர் வந்ததே அதனால்தான். எதைக் காட்டினாலும் கண்ணாலேயே அளந்து, எங்கே குறைகிறது என்று சொல்லிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார். காலண்டர் ஒரு நூல் சாய்ந்திருக்கிறது என்பார். கதவுக் கொண்டியில் ஒரு திருகாணி மட்டும் வேறு ஜாதி என்பார். அவர் மனைவி வீட்டிலேயே தையல் மிஷின் போட்டுத் துணி தைக்கிறவள். பழுப்புத் துணிக்குக் கொஞ்சம் மாறின நூலைக் கோத்துவிட்டால் போதும், அடுத்த அறையிலிருந்து எழுந்து வந்து, "இது அந்தப் பழுப்பு இல்லையே" என்று சொல்லிவிட்டுப் போவார். கல்யாணம் ஆன நாளிலிருந்து இந்த இம்சைதான்.

அப்பேர்ப்பட்ட மனுஷன் படுக்கையறைச் சுவரைப் பார்த்துவிட்டு, "ரெண்டும் நல்லாத்தான் இருக்கு" என்று சொன்னதும் அவள் அவர் முகத்தையே திரும்பப் பார்த்தாள்.

அந்த அறைக்குப் பெயிண்ட் அடிக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்ததே அவர்தான். காசநோய் வந்து மாதக்கணக்கில் அந்தக் கட்டிலிலேயே கிடந்தார். "இந்தச் சாம்பல் சுவத்தைப் பார்த்துப் பார்த்தே எனக்கு இருமல் வருது" என்று புலம்புவார். இப்போது இருமல் நின்றுவிட்டது, உடம்பிலும் கொஞ்சம் சதை பிடித்திருக்கிறது. மாத்திரைகள் மட்டும் இன்னும் கொஞ்ச காலம் சாப்பிட வேண்டும். திங்கட்கிழமை வேலைக்கு வரச் சொல்லிவிட்டார்கள். அதற்குள் அறையை முடித்துவிடலாம் என்று பெயிண்டரைக் கூப்பிட்டார்கள். ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் பெயிண்டர் மாதிரிக்கு இரண்டு கட்டம் அடித்து வைத்தார். இடது பக்கம் வெளிர் பச்சை, வலது பக்கம் வெளிர் ரோஸ். குழப்பம் வரக்கூடாது என்று அந்தந்தக் கட்டத்துக்கு நேர் கீழே அந்தந்த டப்பாவை வைத்து, டப்பாவின் மேல் கொட்டை எழுத்தில் 'பச்சை', 'ரோஸ்' என்று எழுதியும் வைத்திருந்தார்.

எல்லாம் சரி, பிரஷை உதறும்போது மட்டும் கை தவறிவிட்டது. பச்சைக் கட்டத்தின் கீழ் மூலையில், சட்டைப் பொத்தான் அளவுக்கு, ரோஸ் ஒரு சொட்டு விழுந்து காய்ந்திருந்தது. அவள் வாசற்படியில் நிற்கும்போதே அது கண்ணில் பட்டது.

"ஐயோ, அவர் வர்றதுக்குள்ள அதைத் தொடைச்சிடுங்களேன். பார்த்தார்னா வீட்டை ரெண்டாக்கிடுவார்."

"விடுங்கக்கா, எப்படியும் மேல இன்னொரு கை அடிக்கத்தானே போறோம்" என்றார் பெயிண்டர்.

மீட்டர் வந்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, மூக்கு சுவரில் உரசும் அளவுக்குக் குனிந்து பார்த்தார். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்தச் சொட்டுக்கு நேரே அவர் முகம் போனது, அப்படியே தாண்டியும் போனது. பிறகுதான் அந்த 'ரெண்டும் நல்லாத்தான் இருக்கு'.

பெயிண்டர் சிரித்தார். "ஆம்பளைங்களுக்கு ரெண்டே கலர்தான்கா. ஒண்ணு அழுக்கு, இன்னொண்ணு அழுக்கில்லாதது. நீங்களே பார்த்து முடிவு பண்ணுங்க, நாளைக்குச் சொல்லிட்டா நல்லது. எனக்கு அடுத்த வேலை காத்துக்கிட்டிருக்கு."

அவளும் சிரித்து வைத்தாள். ஊர்ப்பட்ட ஆம்பளைகளுக்கு அந்தக் கேலி பொருந்தலாம், தன் புருஷனுக்குப் பொருந்தாது என்று அவளுக்குத் தெரியும்.

மிஷினில் உட்கார்ந்தாள், கால் மிதிக்கவில்லை. போன வாரம் தக்காளி வாங்கி வரச் சொன்னால் பாதிக்குமேல் காயாக அள்ளிக்கொண்டு வந்திருந்தார். கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று அவள்தான் சண்டைக்குக் கிளம்பினாள். ரோட்டைக் கடக்கும்போது சிக்னலைப் பார்க்காமல் பக்கத்தில் நிற்கிறவர்களின் காலையே பார்த்துக்கொண்டு நின்றார். நோயில் கிடந்து எழுந்தவர், பயப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டாள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய், நானாக எதையாவது முடிச்சுப் போடுகிறேன் என்று தன்னையே அதட்டினாள். அந்த அதட்டலுக்கு நடுவில்தான் டாக்டரம்மாவின் குரல் ஞாபகம் வந்தது. வைத்தியம் தொடங்கிய முதல் நாள், மாத்திரைகளை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சொன்னார். "இந்த ஒரு மாத்திரை சில பேருக்குக் கண் நரம்பைப் பாதிக்கும். சிவப்பும் பச்சையும் மங்கலாத் தெரிஞ்சா உடனே வாங்க, தள்ளிப் போடாதீங்க."

அன்றைக்கு இவர் இருமிய இருமலில் ரத்தம் வந்திருந்தது. கண்ணாவது காதாவது, ஆள் பிழைத்தால் போதும் என்றிருந்தாள். இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்ட பேச்சு, இப்போது திரும்பி வந்து நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது.

சாயங்காலம் கேட்டேவிட்டாள். "ஏங்க, கண்ணெல்லாம் நல்லாத் தெரியுதில்ல?"

"எனக்கென்ன கேடு?" வெடுக்கென்று எழுந்து சுவர்ப் பக்கம் போனார். ஒரு நொடி நின்றார். "இந்தா, இந்தப் பச்சையே இருக்கட்டும். போதுமா?"

அப்பாடா என்று இருந்தது அவளுக்கு. அந்த நிம்மதி ராத்திரிப் பாத்திரம் கழுவி முடிக்கும் வரைக்கும்கூட நிலைக்கவில்லை. பச்சை என்று சொல்வதற்கு முன்னால் அவர் பார்த்தது சுவரை அல்ல. தரையைப் பார்த்தார், டப்பாவைப் பார்த்தார்.

மறுநாள் காலையில் அவர் குளிக்கப் போன நேரம், அவள் அறைக்குள் போய் இரண்டு டப்பாக்களையும் இடம் மாற்றி வைத்தாள். சொந்த வீட்டில் திருடியைப் போல வாசலைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். கட்டின புருஷனுக்குப் பரீட்சை வைக்கிற நிலைமைக்கு வந்துவிட்டோமே என்று இருந்தது. கடவுளே, வந்ததும் என்னைத் திட்டட்டும், டப்பாவை எந்த முட்டாள் மாற்றி வைத்தது என்று கத்தட்டும் என்று வேண்டிக்கொண்டாள்.

அவர் தலையைத் துவட்டிக்கொண்டே வந்தார்.

"என்னங்க, பெயிண்டருக்குப் பதில் சொல்லணும். ஒரு தடவை பார்த்துச் சொல்லிடுங்களேன்."

அவர் கண் கீழே போய் மேலே வந்தது. பிறகு கையை நீட்டி, ரோஸ் கட்டத்தின் நடுவில் அழுத்தமாக விரலை வைத்தார். "இதான். இந்தப் பச்சை கண்ணுக்குக் குளிர்ச்சி. அந்த ரோஸ் வேண்டாம், சின்னப் பிள்ளைங்க ரூம் மாதிரி இருக்கு."

குரலில் பழைய அதிகாரம் அப்படியே இருந்தது. அதுதான் அவளை உடைத்துவிட்டது.

"டப்பாவை நான் மாத்தி வெச்சேன்" என்றாள். "நீங்க கை வெச்சிருக்கிறதுதான் ரோஸ்."

விரல் சுவரிலேயே இருந்தது. முதலில் கோபம்தான் வந்தது. "எனக்கே பரீட்சை வெக்கிறியா நீ? இதெல்லாம் எப்பக் கத்துக்கிட்ட?" என்று கத்தினார். கத்தல் பாதியிலேயே வற்றிப்போய்க் கட்டிலில் உட்கார்ந்தார்.

"கொஞ்ச நாளாவே இப்படித்தான். எல்லாம் பத்துத் தடவை துவைச்ச துணி மாதிரி வெளுத்துத் தெரியுது."

"ஏன் சொல்லல?"

"சொன்னா மாத்திரையை நிறுத்துவாங்க. நிறுத்தினா மறுபடியும் அந்த இருமல். அப்புறம் திங்கட்கிழமை எங்க போறது? இன்னும் எத்தனை நாள்தான் நீ ஒருத்தியே தைச்சுத் தைச்சு முதுகு ஒடியறது?"

"திங்கட்கிழமை போய்? அந்த லிப்ட் பெட்டியைத் திறந்தா சிவப்பு வயரும் பச்சை வயரும் இருக்குமே, எதைப் பிடிப்பீங்க?"

"எல்லாம் கைப்பழக்கம்தான். எது எந்த இடத்தில இருக்கும்னு எனக்குத் தெரியும்."

"இடத்தை எவனாவது மாத்தி வெச்சிருந்தா?" என்றாள். "நான் டப்பாவை மாத்தி வெச்ச மாதிரி?"

அவர் கட்டிலிலிருந்து எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா ஒரு புத்தகத்தைத் திறந்து வைத்தார். பக்கம் முழுக்க வண்ணப் புள்ளிகள், நடுவில் ஓர் எண். பின்னால் நின்ற அவளுக்கு எண் பளிச்சென்று தெரிந்தது. அவர் கண்ணைச் சுருக்கினார், தலையைச் சாய்த்தார், "ஒண்ணும் தெரியல" என்றார். அடுத்த பக்கம். அடுத்த பக்கம். சொல்லிக் கொடுத்துவிடக் கூடாதே என்று அவள் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள்.

"இப்பவாவது வந்தீங்களே, நல்லது" என்றார் டாக்டரம்மா. "அந்த ஒரு மாத்திரையை இன்னிக்கே நிறுத்திடலாம். நோய்க்கு வேற வழி பார்த்துக்கலாம், அந்தக் கவலை வேண்டாம். கண்ணு பெரும்பாலும் திரும்பிடும். ஆனா எல்லாருக்கும் முழுசாத் திரும்பும்னு என்னால வாக்குக் கொடுக்க முடியாது. பொறுத்துத்தான் பார்க்கணும். அதுவரைக்கும் வயர் வேலை கூடவே கூடாது."

பொறுப்பது என்பது சொல்வதற்குத்தான் சுலபம். திங்கட்கிழமை வந்தது, போனது. பெயிண்டர் போன் செய்தார், பிறகு நேரிலேயே வந்தார். "என்னக்கா, சுவத்துக்குத் தேமல் வந்த மாதிரி இருக்கு. ஒரு பதிலைச் சொல்லுங்க." கொஞ்ச நாள் போகட்டும் என்றாள். அந்தச் சொட்டையாவது துடைத்துவிடட்டுமா என்று அவர் துணியை எடுத்தபோது பதறிப்போய்க் கையைப் பிடித்துத் தடுத்தாள். டப்பாக்களைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாள். சொட்டைப் பற்றி வீட்டுக்காரரிடம் மட்டும் மூச்சுக்கூட விடவில்லை.

அவர் இப்போது பொய் சொல்வதில்லை. நூல் கண்டை எடுத்துக் கொடுக்கச் சொன்னால், இரண்டைக் கையில் வைத்துக்கொண்டு, "இதில சிவப்பு எது?" என்று கேட்பார். பொய்யைவிட அதைத் தாங்குவதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. குறை சொல்வதையும் விட்டுவிட்டார். காலண்டர் சாய்ந்தே கிடந்தது. வீடு அமைதியாக இருந்தது, அந்த அமைதி அவளுக்குப் பிடிக்கவே இல்லை. தினமும் காலையில் அவர் டீ டம்ளரோடு அந்தச் சுவருக்கு எதிரே போய் நிற்பார். அவள் தைப்பதுபோல் குனிந்துகொண்டு அவர் முதுகையே பார்ப்பாள். ஒன்றும் சொல்லாமல் திரும்பி வருவார். ஒருவேளை இனிமேல் இவ்வளவுதானோ என்று நினைக்கும்போது ஊசி விரலில் ஏறும்.

அப்படி ஒரு காலையில் அவர் திரும்பி வரவில்லை.

"இங்க வா."

அவள் மடியில் இருந்த துணியோடு எழுந்தாள். அவர் சுவரில் மூக்கை வைத்துக்கொண்டு நின்றார். நகத்தால் பச்சைக் கட்டத்தின் கீழ் மூலையைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"என்ன இது?"

"எது?" என்றாள்.

"இங்க ஏதோ சொட்டியிருக்கு. என்ன கலர்னு என்னைக் கேக்காத, எனக்குத் தெரியல. ஆனா சுத்தி இருக்கிறது வேற, இது வேற." இன்னும் குனிந்து பார்த்தார், மெல்ல மெல்லப் பழைய குரல் ஏறியது. "எவன் பார்த்த வேலை இது? பிரஷை ஒழுங்கா உதறத் தெரியாதவனையெல்லாம் வீட்டுக்குள்ள விட்டிருக்க! நீயாவது பார்க்கக் கூடாதா? கண்ணை எங்க வெச்சிருந்த?"

அவள் துணியை முகத்தில் அழுத்திக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"திட்டுங்க" என்றாள். "இன்னும் நல்லாத் திட்டுங்க."