இரண்டாய் மடித்த துணி

வியாழக்கிழமை மூன்று மணிக்குச் சன்மதிக்குப் பால் புரையேறியது. ஆறு வயதுப் பிள்ளைக்குப் புரையேறுவதெல்லாம் ஒரு சேதியா என்று கேட்பவர்கள், அதன் தாய் குசுமாவின் வயிற்றுக்குள் புகுந்து பார்க்க வேண்டும். பால் மூக்கு வழியே வந்தது. நேற்றும் வந்தது. முந்தாநாள் தலை வாரும்போது கழுத்து நிற்காமல் முன்னால் சாய்ந்ததை, தூக்கக் கலக்கம் என்று தனக்குத்தானே சொல்லிச் சமாளித்திருந்தாள். இன்றைக்கு எந்தச் சமாளிப்பும் எடுபடவில்லை.

பிள்ளையின் சட்டையைத் தூக்கி, விலா எலும்புகளைப் பார்த்தபடி சுவர்க் கடிகாரத்தோடு மூச்சை எண்ணினாள். டாக்டர் சொல்லிக்கொடுத்த கணக்கு அது. போன மாதம் நிமிடத்துக்கு இருபத்திரண்டு. இப்போது முப்பத்துநான்கு. மறுபடி எண்ணினாள். முப்பத்தைந்து.

இந்த வீடு ஒரு முறை இந்தப் பயத்தைப் பார்த்து மீண்ட வீடு. இரண்டு வருடத்துக்கு முன்னால், பின்னாலிருந்து கூப்பிட்டால் சன்மதி திரும்பாமல் போனாள். செல்லம் கொடுத்துக் கெடுத்ததால் வந்த திமிர் என்று திண்டிவனத்தில் பாதித் தெரு தீர்ப்பு சொன்னது. காது கேட்கவில்லை என்று தெரிவதற்குள் குரல் தேய்ந்தது, கழுத்து துவண்டது, இட்லி தொண்டையில் நின்றது. ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்து, கடைசியில் விழுப்புரத்தில் நரம்பு டாக்டர் கிருஷ்ணவேணியிடம் போய்ச் சேர்ந்தார்கள். அவர்தான் ரத்தத்தை ஜீன் பரிசோதனைக்கு அனுப்பினார். வந்த தாளில் எஸ்எல்சி52ஏ2 என்று எழுதியிருந்தது. குசுமா அதை லாரி நம்பர் மாதிரி மனப்பாடம் செய்துவைத்திருந்தாள்.

டாக்டர் பொறுமையாகத்தான் விளக்கினார். ரைபோஃபிளேவின் என்று ஒரு வைட்டமின். பாலில் இருக்கிறது, கீரையில் இருக்கிறது. அதை ரத்தத்திலிருந்து செல்லுக்குள் ஏற்றிவிடுவதற்கென்றே உடம்பில் ஒரு புரோட்டீன் உண்டு. அந்தப் புரோட்டீனைச் செய்யும் ஜீன் இந்தப் பிள்ளைக்குப் பழுது. அப்பா ஜினசந்திரனிடமிருந்து ஒரு பழுது, அம்மாவிடமிருந்து ஒரு பழுது. சொந்த அத்தை மகனைக் கட்டிய குசுமா அன்று தலை நிமிரவே இல்லை.

“பொங்கலுக்கு மொதல் நாள் நம்ம விழுப்புரம் பஸ் ஸ்டாண்டுல பாத்திருப்பீங்க,” என்றார் டாக்டர். “படி சின்னது. ஆனா ஐநூறு பேர் முண்டினா அம்பது பேராவது ஏறிடறாங்க இல்ல? அந்த மாதிரி, வைட்டமினை எக்கச்சக்கமா குடுத்து முண்ட வைக்கப் போறோம். ஒரு வேளை கூட விடக் கூடாதும்மா. விட்டா மொதல்ல முழுங்கறது போவும், அப்புறம் மூச்சு.”

ஆரஞ்சு நிறப் பொடி அடைத்த கேப்சூல், ஒரு நாளைக்கு மூன்று வேளை. முதல் நாளே சிறுநீர் பளீரென்று மஞ்சளாக இறங்கியது. குசுமா பதறிப் போன் போட்டாள். ஏறாத மிச்சம்தான் அப்படி வெளியே வருகிறது, பயப்படாதீர்கள் என்று டாக்டர் சிரித்தார். பள்ளிக்கூட ஆயா முனியம்மாளோ காமாலை என்று முடிவுகட்டி, கீழாநெல்லியை அரைத்தே எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். சன்மதிக்கு மட்டும் அந்த மஞ்சள் பிடித்திருந்தது. காது கேட்காத அந்தப் பிள்ளை வீட்டில் எல்லாவற்றுக்கும் ஒரு கை ஜாடை வைத்திருந்தது. மருந்துக்கு, குளிக்கும்போது மஞ்சள் பூசுவதுபோல உள்ளங்கையால் கன்னத்தைத் தேய்ப்பதுதான் ஜாடை. நாலாவது மாதம் கழுத்து நின்றது. எட்டாவது மாதம் பென்சில் பிடித்தாள்.

அப்படியே விட்டிருக்கலாம். இருபத்து மூன்று நாளைக்கு முன்னால் ஈரக் கையில் ஒரு கேப்சூல் பசையாய் ஒட்டிக்கொள்ள, இது எதனால் செய்ததென்று மருந்துக் கடையில் குசுமா கேட்டுவைத்தாள். கடைக்காரர் உள்ளதைச் சொன்னார். மாட்டு எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் எடுக்கிற ஜெலட்டினாம்.

தேனைக்கூட உயிர்க்கொலை என்று தொடாத சமண நயினார் வீடு அவர்களுடையது. பொழுது சாய்ந்தால் தண்ணீரும் வாயில் படாது. கிணற்றுத் தண்ணீரை இரண்டாய் மடித்த துணியில் வடிகட்டித்தான் புழங்குவார்கள். வடிகட்டிய துணியைக் கவிழ்த்து அலசி, அதில் தங்கிய கண்ணுக்குத் தெரியாத உயிர்களை அதே கிணற்றில் இறக்கிவிடுவார்கள். அப்படிப்பட்ட வீட்டில் எட்டு மாதமாகப் பிள்ளைக்கு எலும்பை ஊட்டியிருக்கிறாள். குசுமா கட்டிய புடவையோடு தலைக்கு ஊற்றிக்கொண்டு அழுதாள். புருஷனிடம் சொல்லவில்லை. நிறுத்து என்று அவன் சொன்னாலும் ஆகாது, கொடு என்று சொன்னாலும் ஆகாது.

அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். உறையைப் பிரித்து எறிந்துவிட்டுப் பொடியை மட்டும் அரை தம்ளர் தண்ணீரில் கலக்கினாள். உறையின் துணுக்கு எதுவும் போய்விடக் கூடாதே என்று துணியில் வடிகட்டினாள். தண்ணீர் மஞ்சள் கரைத்த மாதிரி பளபளவென்று இறங்கியது. கஷாயம் என்றால் சத்து தண்ணீரில் இறங்கும், சக்கை துணியில் நிற்கும். இது தெரியாத பெண் உண்டா? தர்மமும் தப்பவில்லை, மருந்தும் தப்பவில்லை என்று அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது.

பத்து நாள் கழித்துச் சன்மதி குளியலறையிலிருந்து வந்து கன்னத்தைத் தேய்த்துக் காட்டி, இரண்டு கையையும் விரித்தாள். மஞ்சள் இல்லை. குசுமா பிள்ளையை வாரி அணைத்துக்கொண்டாள். மிச்சம் வெளியே வரவில்லை என்றால் எல்லாம் உள்ளே ஏறிவிட்டது என்றுதானே அர்த்தம். அன்றைக்கு அவள் கோயிலுக்குப் போய் நெய் விளக்கு ஏற்றினாள்.

இப்போது டாக்டருக்குப் போன் போட்டாள். மருந்தையெல்லாம் எடுத்துக்கொண்டு உடனே வரச் சொன்னார். ஜினசந்திரன் முகையூரில் மல்லாட்டைக் கடலை மூட்டைகளை எடை போட்டுக்கொண்டிருந்தான். அங்கிருந்தே விழுப்புரம் வந்துவிடுவதாகச் சொன்னான். எதிர்வீட்டு வேங்கடேசன் வாடகைக் காரை எடுத்தார். கைப்பையில் வழக்கம்போல வடிகட்டும் துணியும் இருந்தது. வெளியூரிலும் அது இல்லாமல் அவளுக்குத் தண்ணீர் இறங்காது.

விக்கிரவாண்டி சுங்கச்சாவடியில் கார் நின்றபோது குசுமா பிள்ளையின் மூக்கடியில் விரலை வைத்துக்கொண்டிருந்தாள். முப்பத்தெட்டு. வேங்கடேசன் கண்ணாடியில் ஒரு தரம் பார்த்துவிட்டு ஹாரனை அழுத்தினார். குசுமாவுக்கு ஒரே நினைப்புதான். உறையைப் பிரித்ததால்தான் இப்படி ஆகிவிட்டதோ? அதற்குள் ஏதாவது சத்து இருந்திருக்குமோ? கேட்டால் என்ன சொல்வது? ஒன்றும் சொல்ல வேண்டாம், வேளை தவறாமல் கொடுத்தேன் என்று மட்டும் சொல்லலாம். அது பொய்யும் இல்லை. இப்படி நினைத்ததற்காகவும் பயந்தாள்.

ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்தார்கள், மூக்கு வழியே வயிற்றுக்குக் குழாய் இறக்கினார்கள், சிறுநீருக்கு ஒரு பை மாட்டினார்கள். டாக்டர் அந்தப் பையைக் குனிந்து பார்த்தார். ஊரில் எல்லாருக்கும் போகிற நிறம்தான் அதில் இருந்தது.

“மாத்திரை ஒழுங்கா போவுதாம்மா?”

“ஒரு வேளை கூட வுட்டதில்ல மேடம்.”

டாக்டர் மறுபடி அந்தப் பையைப் பார்த்தார். அதற்குள் ஜினசந்திரன் சட்டையெல்லாம் மல்லாட்டைத் தூசியோடு ஓடி வந்து நின்றான். டாக்டர் அவனிடம் மெல்லச் சொன்னார். இவ்வளவு மருந்து போயும் இப்படி என்றால் மருந்து கைவிட்டுவிட்டது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கும். மூச்சு இன்னும் தளர்ந்தால் இன்றைக்கே மெஷினில் போட வேண்டும். அதற்கப்புறம் தொண்டையில் துளை போட வேண்டி வரலாம். ஜினசந்திரன் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

தொண்டையில் துளை என்றதும் குசுமாவின் வாய் தானாகத் திறந்தது.

“நான் ஒண்ணு பண்ணிட்டேன் மேடம். கேப்சூலோட மேல் உறைய எடுத்துட்டேன். எலும்புல பண்றதுன்னு சொன்னாங்க. அவருக்கும் தெரியாது. பொடிய மட்டும்தான் குடுத்துக்கினு இருந்தேன்.”

“உறைய எடுத்தது தப்பே இல்ல. பொடிதான் மருந்து.” டாக்டரின் முகம் மாறியது. “எப்படிக் குடுத்தீங்க? எனக்குச் செஞ்சு காட்டுங்க.”

குசுமாவுக்கு ஒரு நொடி உயிர் வந்தது. நர்ஸ் ஒரு தம்ளர் கொடுத்தாள். உறையைப் பிரித்தாள், கலக்கினாள், கைப்பையிலிருந்து துணியை எடுத்து இரண்டாய் மடித்து இன்னொரு தம்ளரின் வாயில் போட்டு ஊற்றினாள். வேலை பிசகவில்லை. தம்ளரில் மஞ்சள் தண்ணீர் பளபளத்தது. துணியைச் சுருட்டப் போனவளின் கையைப் பிடித்து நிறுத்தி, டாக்டர் அதை விரித்தார். நடுவில் ஆரஞ்சுச் சேறு அப்பிக் கிடந்தது.

“இது தண்ணியில கரையாதும்மா. துளி கரைஞ்சாலே தண்ணி இப்படி மஞ்சளாத் தெரியும். மருந்து பூரா இதோ, துணியில நிக்குது.”

ஜினசந்திரன் துணியையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தத் துணிக்கு அடுத்து என்ன நடக்கும் என்று அந்த வீட்டு மனிதனுக்குத் தெரியாதா.

“கிணத்துலயா?” என்றான்.

குசுமா தலையசைத்தாள். இருபத்து மூன்று நாள், மூன்று வேளையும், பிள்ளையின் மூச்சைப் பயபக்தியோடு கவிழ்த்து அலசிக் கிணற்றில் இறக்கிவிட்டிருக்கிறாள். உடம்புக்குள் இருக்கிற வாசல்தான் அடைத்துக்கிடக்கிறது என்று டாக்டர் முன்பு சொல்லியிருந்தார். வெளியே இன்னொரு வாசலை அவளே தன் கையால் அடைத்திருக்கிறாள். அவன் ஒரு வார்த்தை திட்டவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டான். திட்டியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

நர்ஸ் மருந்து கலக்க வந்தபோது, ஜன்னலுக்கு வெளியே பொழுது சாய்ந்து தெருவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. நானே கலக்குகிறேன் என்று குசுமா வாங்கிக்கொண்டாள். பொழுது போன பிறகு, வடிகட்டாத ஒன்றை அவள் தன் பிள்ளைக்குக் கொடுப்பது அதுதான் முதல் தடவை. பொடி அடியில் தங்காமல் கலக்கிக் கலக்கிக் குழாயில் ஊற்றினாள். தம்ளரை இரண்டு தரம் கழுவி அந்தத் தண்ணீரையும் ஊற்றினாள். கட்டிலுக்குப் பக்கத்தில் மூச்சு மெஷினைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்கள். அதன் பக்கம் பார்க்காமல் இருக்க முயன்றாள், முடியவில்லை.

விடிந்தபோது மெஷின் வைத்த இடத்திலேயே இருந்தது. பை மஞ்சளாகியிருந்தது. பளீரென்று, முதல் நாள் அவளைப் பதறவைத்த அதே மஞ்சள். குசுமா தரையில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

டாக்டர் வந்து பார்த்தார். மூச்சு இன்னும் முப்பத்தாறில் இருந்தது. மருந்து உள்ளே போகிறது என்பது மட்டும்தான் இதற்கு அர்த்தம் என்றார். எவ்வளவு திரும்பும், எப்போது திரும்பும் என்று இன்றைக்குச் சொல்ல முடியாது. மூன்று நாள் தாண்ட வேண்டும்.

அவர் போன பிறகு சன்மதி கண் விழித்தாள். பக்கத்தில் தொங்கிய பையைப் பார்த்தாள். கையைத் தூக்கினாள், அது மார்புவரைக்கும் வந்து, கன்னத்துக்கு எட்டாமல் விழுந்தது. குசுமா என்ன வேண்டும் என்று குனிந்தாள். பிள்ளை மறுபடி கையைத் தூக்கி, குனிந்திருந்த அம்மாவின் கன்னத்தில் வைத்து, மஞ்சள் பூசுவதுபோல மெல்லத் தேய்த்தாள்.

இரண்டு வாரத்துக்கு முன்னாலேயே சொன்ன பிள்ளை அது. குசுமா அந்தக் கை கீழே விழுந்துவிடாமல் தன் கன்னத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, மறுபடி ஒன்றிலிருந்து மூச்சை எண்ணத் தொடங்கினாள்.