அவசர வழி

எழுந்தான். பல் தேய்த்தான். காப்பி போட்டுக் குடித்துவிட்டுத் தம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான். சட்டையை மாட்டிக்கொண்டு மறுபடி அடுப்படிக்குப் போய், கேஸ் மூடியிருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தான். வீட்டைப் பூட்டினான். பஸ் டிப்போவுக்குப் போனான்.

பட்டறைக்கு அவன்தான் பொறுப்பு. சூப்பர்வைசர் என்று பெயர்; பாதி நேரம் பஸ்ஸுக்கு அடியில் கிடப்பான். மனைவி இறந்தபின் பேச்சு குறைந்தது. வேலை குறையவில்லை.

அன்று ஒரு பஸ் கிளம்பத் தயாராக நின்றது.

"எமர்ஜென்சி கதவு பாத்தியாப்பா?"

"திறக்குதுண்ணே" என்றான் மெக்கானிக்.

"உள்ள இருந்து?"

மெக்கானிக் தலையைச் சொறிந்தான். வெளியே நின்று இழுத்துப் பார்த்ததோடு சரி.

அவனே ஏறிப்போய், கடைசி சீட்டருகே நின்று தள்ளினான். கைப்பிடி திரும்பியது, கதவு அசைந்து கொடுக்கவில்லை. தோளால் இடித்தான். ம்ஹூம். வண்டிச் சாவியை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

மேனேஜர் மூச்சிரைக்க வந்தார். "ஜனம் வெயில்ல நின்னு கத்துது. வண்டிய விடுங்க."

"கதவு திறக்கல சார்."

"இத்தன வருஷத்துல ஒருத்தனாவது அந்த வழியா இறங்கியிருக்கானா?"

"இறங்கற அன்னைக்குத் திறக்கணுமே சார்."

"உங்க கஷ்டம் தெரிஞ்சுதான் பொறுத்துப் போறேன். சாவியக் குடுக்கலன்னா வேற ஆளப் போட்டுக்குவேன்."

"போட்டுக்கங்க சார். வர்றவருக்கும் இந்தக் கதவத்தான் முதல்ல காட்டுவேன்."

ஸ்பானரோடு மண்டியிட்டான்.

"எந்திரிங்கண்ணே, நான் பாக்குறேன்" என்று மெக்கானிக் பதறினான்.

"வெளிய நின்னு பிடி. போதும்."

டிரைவர் டார்ச்சோடு ஏறினார். மேனேஜர் முறைத்தார். "நீயுமாய்யா?"

"ஓட்டப்போறது நான்தானே சார்."

துருவேறிய தாழ்ப்பாள் கைவிரலைக் கிழித்துவிட்டுத்தான் வழிக்கு வந்தது. உள்ளேயிருந்து திறந்தான், மூடினான், மறுபடி திறந்தான். பிறகுதான் சாவி டிரைவர் கைக்குப் போனது.

"சாயந்திரம் என் ரூமுக்கு வாங்க" என்றார் மேனேஜர்.

"வர்றேன் சார். மத்த வண்டியெல்லாம் ஏறிப் பாத்துட்டு."

அடுத்த பஸ்ஸில் ஏறினான்.

"கடைசியா எம்பொண்ணு என்ன சொன்னா மாப்பிள்ளை?" என்று மாமியார் இன்னும் கேட்பாள். பெரிதாக ஏதோ எதிர்பார்ப்பாள். ஆபரேஷன் அறை வாசலில், ஸ்ட்ரெச்சரில் படுத்தபடி, வீட்டில் கேஸை மூடினானா என்று மனைவி கேட்டாள். அவன் தலையாட்டினான். அவள் விடவில்லை.

"சும்மா தலையாட்டாதீங்க. போய்த் தொட்டுப் பாத்துட்டு வாங்க."