லூர்துராணியின் லைசென்ஸ்

1956 ஜூன் மாதம், லூர்துராணி வேலை பார்த்துவந்த மிஷன் ஆஸ்பத்திரியில் மசாஜ் வார்டை மூடினார்கள். இளம்பிள்ளை வாதம் வந்து கால் சூம்பிப்போன குழந்தைகளுக்காக நடந்த வார்டு அது. அதைக் கவனித்துவந்த வெளிநாட்டு சிஸ்டர் தன் ஊருக்குத் திரும்பிவிட்டார். வார்டு வேறு ஊர் ஆஸ்பத்திரி ஒன்றோடு சேர்ந்துவிட்டது. லூர்துராணியையும் அங்கே வரச் சொன்னார்கள். அவள் கணவன் அமிர்தசாமி பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர், இரண்டு பெண்களும் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தார்கள். எல்லோரையும் விட்டுவிட்டு எங்கே போவது? வரவில்லை என்று சொல்லிவிட்டு, ஆயாவாக நுழைந்து, சிஸ்டரிடம் நீவக் கற்றுக்கொண்டு எட்டு வருஷம் வேலை பார்த்த இடத்திலிருந்து ஒரு பித்தளை எண்ணெய்க் கிண்ணத்தோடு வீடு திரும்பினாள்.

வீடு பாலக்கரையில், ஒரு சந்துக்குள். முன்னறை, சமையலறை, பின்னால் ஒரு கிணறு. பத்து நாள் சும்மா இருந்து பார்த்தாள். பதினோராம் நாள் சந்து முனையில் திரை போட்ட ஜட்கா வண்டி ஒன்று வந்து நின்றது. அதிலிருந்து இறங்கியவள் சாரா பீவி. பெரிய கடை வீதியில் இரும்புக் கடை வைத்திருக்கும் கலீல் ராவுத்தரின் மனைவி. அவளுடைய பேரன்தான் மூன்று வருஷத்துக்கு முன்னால் லூர்துராணியின் கையில் தேறி, இரும்புப் பட்டை போட்ட காலோடு எழுந்து நடந்தவன். இப்போது சாரா பீவிக்கு முழங்கால் மடங்கவில்லை. தொழுகையில் உட்கார முடியவில்லை. பிள்ளையின் காலைத் தேற்றிய கை தனக்கும் வேண்டும் என்று தேடிக்கொண்டு வந்துவிட்டாள்.

லூர்துராணி முன்னறையில் பாய் விரித்து, கதவைச் சாத்திவிட்டு நீவினாள். முழங்காலை விட்டுவிட்டுத் தொடையைப் பிடிக்கிறாளே என்று சாரா பீவிக்குச் சந்தேகம். தொடைச் சதை சோர்ந்துபோனால் முட்டிதான் பாரத்தைச் சுமக்கும் என்று லூர்துராணி விளக்கினாள். ஒரு மாதத்தில் சாரா பீவி தரையில் உட்கார்ந்து எழுந்தாள். அதைப் பார்த்து அவளுடைய நாத்தனார் வந்தாள், நாத்தனாரின் சம்பந்தி வந்தாள்.

சந்து முனையில் திரை போட்ட வண்டிகள் அடிக்கடி நிற்கத் தொடங்கின. பகல் நேரத்தில் சாத்திய கதவு. உள்ளேயிருந்து சில சமயம் "அம்மா, ஐயோ" என்று சத்தம். டீக்கடையில் ஒருவர் அமிர்தசாமியிடம், உங்கள் வீட்டில் என்ன நடக்கிறது என்று சிரித்துக்கொண்டே கேட்டார். அந்தச் சிரிப்பு அவனுக்குப் பிடிக்கவில்லை. அன்றைக்குச் சாப்பாட்டின்போது டீக்கடைப் பேச்சைச் சொல்லி, இதை நிறுத்திவிட்டால் என்ன என்று மெதுவாக ஆரம்பித்தான்.

லூர்துராணி தட்டில் ரசத்தை ஊற்றிவிட்டு நிமிர்ந்தாள். "நிறுத்த மாட்டேங்க. ஆனா ஒளிச்சு வெச்சும் செய்ய மாட்டேன். லைசென்ஸ் வாங்கிடலாம். பேப்பரைச் சட்டம் போட்டு மாட்டிட்டா யாரும் சிரிக்க மாட்டாங்க."

அமிர்தசாமி, விண்ணப்பத்தைத் தானே எழுதித் தருவதாகச் சொன்னான். அவன் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும். அதில் அவனுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

நகராட்சி அலுவலகத்தில் அந்தப் பிரிவைப் பார்த்த குமாஸ்தாவின் பெயர் பிச்சமுத்து. விண்ணப்பத்தை இரண்டு தடவை படித்துவிட்டு, லைசென்ஸ் தர வேண்டிய தொழில்களின் பட்டியலை விரித்தார். முடி வெட்டும் கடை இருந்தது. சலவை இருந்தது. சோடாக் கம்பெனி, விறகுத் தொட்டி, மாட்டுக் கொட்டகை எல்லாம் இருந்தன. கை கால் நீவுவது மட்டும் எங்கும் இல்லை. எண்ணெய் வைத்திருப்பதால் எண்ணெய்க் கிடங்கில் போடலாமா என்று அவர் யோசித்தார். வீட்டில் எத்தனை டின் இருக்கும் என்று கேட்டார். ஒரு கிண்ணம் என்றாள் லூர்துராணி. அவர் பட்டியலை மூடிவிட்டார்.

ஆனாலும் மனிதர் அவளைத் திருப்பி அனுப்பிவிடவில்லை. பட்டியலில் இல்லாததற்கு ஹெல்த் ஆபீசர் உத்தரவு போட்டால் பதிவேட்டின் அடியில் புதிதாக ஒரு வரி எழுதிச் சேர்க்கலாம் என்றார். சேர்த்தால் அந்த வரியைத் தன் கையாலேயே எழுதுவதாகவும் சொன்னார். மூன்று வாரம் கழித்து ஹெல்த் ஆபீசரிடமிருந்து பதில் வந்தது. இரண்டு நிபந்தனைகள். தனி அறையில், ஜன்னலும் சிமெண்டுத் தரையும் கழுவக்கூடிய மேசையும் இருக்க வேண்டும். பெரியாஸ்பத்திரி லேடி டாக்டர் சோதித்துப் பார்த்து, இவளுக்குத் தொழில் தெரியும் என்று கையெழுத்துப் போட வேண்டும்.

லூர்துராணி ஒரு திங்கட்கிழமை காலை லேடி டாக்டர் முன்னால் போய் நின்றாள். டாக்டருக்கு ஐம்பது வயதிருக்கும். கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். வயிற்றைப் பிடித்துவிடுகிறேன் என்று கர்ப்பிணிகளைக் கெடுத்து அனுப்புகிறவர்களை நிறையப் பார்த்தவர். நீவுகிறவர்கள் என்றாலே அவருக்குக் கோபம் வரும். சதைகளின் பெயர்களை இங்கிலீஷில் கேட்டார். லூர்துராணிக்கு நாலைந்துதான் தெரிந்தது. மற்றதைத் தன் கையிலேயே தொட்டுக் காட்டி, இது இழுத்தால் விரல் மடங்கும், இது இழுத்தால் மணிக்கட்டு திரும்பும் என்று சொன்னாள். டாக்டர் எழுந்து, பின்னால் வரச்சொல்லிப் பெண்கள் வார்டுக்கு நடந்தார்.

அங்கே நான்கு கட்டில்களைக் காட்டினார். முதல் பெண்ணுக்கு மாவுக்கட்டுப் பிரித்த கை. இரண்டாமவளுக்கு இடுப்புப் பிடிப்பு. மூன்றாவது, துறையூர்ப் பக்கத்திலிருந்து வந்த பாப்பாயி என்ற கிழவி. வாதம் வந்து இடது பக்கம் விழுந்திருந்தது. மூன்று பேரிடமும் லூர்துராணி உட்கார்ந்து, எங்கே வலி, எப்போதிலிருந்து என்று கேட்டுக் கேட்டு வேலை செய்தாள். பாப்பாயி நடுவிலேயே தூங்கிப்போனாள்.

நான்காவது கட்டிலில் ஒரு சின்னப் பெண். பிரசவமாகிப் பத்து நாள். வலது கெண்டைக்கால் வலிக்கிறது என்றாள். லூர்துராணி போர்வையை விலக்கி இரண்டு காலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். ஒன்று மட்டும் வீங்கி, தோல் மினுமினுப்பாக இருந்தது. புறங்கையைச் சற்று மேலே பிடித்தாள். சூடு தெரிந்தது. போர்வையை மறுபடி மூடினாள்.

"ஏன் நிறுத்திட்டே? எண்ணெய் போட்டு நல்லா அழுத்தி நீவு" என்றார் டாக்டர்.

"இந்தக் காலை நான் தொட மாட்டேன் டாக்டரம்மா."

"நான் சொல்றேன். நான் டாக்டர்."

கையெழுத்துப் போட வேண்டியவரே எதிரில் நிற்கிறார். வார்டில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். லூர்துராணி கைகளை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"நீங்க சொன்னாலும் முடியாதுங்க. உள்ள ரத்தம் கட்டியிருக்கும்போல. அழுத்தினா அது மேல நெஞ்சுக்கு ஏறிடும். நீங்க கையெழுத்துப் போடலேன்னா பரவாயில்ல, இந்தப் பொண்ண யாரும் நீவாம பாத்துக்குங்க."

டாக்டர் அந்தப் பெண்ணின் தலையை ஒரு தடவை தடவிக்கொடுத்தார். பயப்படாதே, மருந்து கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறோம், யாரும் உன் காலைத் தொட மாட்டார்கள் என்றார். பிறகு நடந்துகொண்டே லூர்துராணியிடம், உன்னைச் சோதிக்கத்தான் சொன்னேன், நீ கை வைத்திருந்தால் உன் கையைப் பிடித்துத் தடுத்திருப்பேன் என்று சொன்னார். அறைக்குப் போனதும் பேனாவை எடுத்தார். கையெழுத்துக்கு மேலே தானாகவே ஒரு வரி சேர்த்தார்: எதைச் செய்யக் கூடாது என்று இவருக்குத் தெரியும்.

அந்தக் காகிதத்தை லூர்துராணி பஸ்ஸில் மூன்று தடவை எடுத்துப் பார்த்தாள்.

அறை வேலை அமிர்தசாமியுடையது. முன்னறையின் நடுவே பலகைத் தடுப்பு வைத்தான். சுவரை இடித்து ஜன்னல் வைத்தான். மேசைக்கு உயரம் எவ்வளவு என்று கேட்டபோது, லூர்துராணி நேராக நின்று கையைத் தொங்கவிட்டு முஷ்டியை மடக்கினாள். விரல் முட்டி எங்கே இருக்கிறதோ அங்கே மேசை இருக்க வேண்டும், இல்லையென்றால் ஒரே வருஷத்தில் தன் இடுப்பு போய்விடும் என்றாள். தடுப்புக்கு இந்தப் பக்கம் மிஞ்சிய இடத்தில் ஒரு பெஞ்சு மட்டும்தான் போட முடிந்தது. அவனுடைய கயிற்றுக் கட்டில் கிணற்றடிக்குப் போனது. மழை வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்றான்.

பிச்சமுத்து சொன்னபடியே பதிவேட்டில் புது வரியைத் தன் கையால் எழுதினார். லைசென்ஸ் சட்டம் போட்டுச் சுவரில் ஏறியது. வாசல் பலகைக்கு அமிர்தசாமி 'உடம்பு பிடித்துவிடப்படும்' என்று எழுதிக் காட்டினான். அதைப் படித்தால் டீக்கடையில் சிரித்தவர்தான் முதலில் வந்து நிற்பார் என்றாள் லூர்துராணி. கடைசியில் 'பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் கை கால் நீவும் இடம், நகராட்சி லைசென்ஸ் பெற்றது' என்று நீலப் பலகையில் வெள்ளை எழுத்தில் எழுதினான். அழகாகத்தான் இருந்தது.

பலகை மாட்டி மூன்று வாரம் புதிதாக ஒருவரும் வரவில்லை. சாரா பீவி மட்டும் வந்து, பெஞ்சில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டு, வருவார்கள், கொஞ்சம் பொறு என்று சொல்லிவிட்டுப் போவாள். நான்காவது வாரம் லேடி டாக்டரின் சீட்டோடு ஒருத்தி வந்தாள். ஸ்ரீரங்கம் கீழச் சித்திரை வீதியிலிருந்து டவுன் பஸ்ஸில் வந்தவள். பெயர் செங்கமலம், வயது நாற்பத்திரண்டு. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். கல்யாணம் செய்துகொள்ளாமல், அண்ணன் குடும்பத்தோடு இருந்துகொண்டு தம்பிகள் இருவரைப் படிக்கவைத்துக்கொண்டிருந்தவள். வலது தோள் இறுகிப்போய்க் கை மார்புக்கு மேலே எழும்பவில்லை. போர்டின் மேல் வரிசையில் ஒயரைச் செருக முடியாமல் லீவில் இருந்தாள். ஏழு வாரம் கழித்து மெடிக்கல் பரிசோதனை. கை தூக்கவில்லை என்றால் வேலை இல்லை.

"ஆத்துல சொல்லிட்டுத்தான் வந்தேன்" என்றாள் செங்கமலம், யாரும் கேட்காமலே. "பாலக்கரைக்கா, யார் ஆத்துக்குன்னு மன்னி கேட்டா. என் தோளை யார் சரி பண்றாளோ அவா ஆத்துக்குன்னேன்."

வாரத்தில் மூன்று நாள் வந்தாள். சூடான ஒத்தடம், பிறகு எண்ணெய், பிறகு சுவர்ப் பயிற்சி. சுவரைப் பார்த்து நின்று, விரல்களாலேயே மேலே ஏற வேண்டும். எதுவரை எட்டியதோ அங்கே லூர்துராணி பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுவாள். முதல் வாரம் மூன்று கோடுகளும் ஒன்றின்மேல் ஒன்றாகவே விழுந்தன. இரண்டாவது வாரம் ஒரு விரற்கடை. நாலாவது வாரத்தில் ஏறவே இல்லை. செங்கமலம் மேசையில் உட்கார்ந்து அழுதாள். வேண்டாம், இது நடக்காது என்றாள். பெஞ்சில் இருந்த சாரா பீவி தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்தே குரல் கொடுத்தாள்.

"அழுதுட்டு இன்னொரு தடவை ஏத்திப் பாரும்மா. நான் வேணா துஆ கேக்குறேன், ஆனா கையை நீதான் தூக்கணும்."

செங்கமலத்துக்கு அழுகையிலேயே சிரிப்பு வந்தது. அதன் பிறகு இருவரும் ஒரே நாளில் வர ஆரம்பித்தார்கள். ஒருத்தி உள்ளே இருக்க, மற்றவள் வெளியே இருந்து, மன்னியைப் பற்றியும் நாத்தனாரைப் பற்றியும் தடுப்பு வழியாகவே பேசிக்கொள்வார்கள். அமிர்தசாமி கிறிஸ்துமஸுக்கு வெள்ளையடித்தபோது, பென்சில் கோடுகள் இருந்த சுவரில் ஓர் ஆள் அகலத்தை விட்டுவிட்டு அடித்தான்.

ஜனவரியில் கடைசிக் கோடு செங்கமலத்தின் தலைக்கு மேலே ஒரு முழம் ஏறி நின்றது. பரிசோதனைக்குப் போனாள். இரண்டு நாள் கழித்து ஒரு கார்டு வந்தது. திங்கட்கிழமை வேலைக்குச் சேர்கிறேன், மதியம் ஷிப்டு, பெரிய கடை வீதி லைன்கள் என் போர்டில்தான் வரும் என்று எழுதியிருந்தாள். சேர்ந்த பிறகு இரண்டு வாரமாக ஆளைக் காணவில்லை. கை மறுபடி இறுகிவிட்டதோ என்று லூர்துராணிக்குக் கவலை.

அந்த வியாழக்கிழமை சாரா பீவி தன் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தாள். கடைக்குப் பின்னாலேயே வீடு. நடு வாசலை ஒட்டி ஒரு கறுப்பு டெலிபோன் இருந்தது. சாப்பிட்டு எழுந்ததும் சாரா பீவி அதைக் காட்டி, எடுத்துப் பேசு என்றாள். லூர்துராணி அதுவரை டெலிபோனைத் தொட்டதில்லை. தலைகீழாகப் பிடித்தாள். சாரா பீவி திருப்பிக் கொடுத்தாள்.

"நம்பர் ப்ளீஸ்" என்றது குரல். அந்தக் குரலில் தயக்கமும் இல்லை, அழுகையும் இல்லை. ஆனால் செங்கமலம்தான்.

"நம்பர் ஒண்ணும் இல்லீங்க. நான் லூர்துராணி. கை மேல போகுதா?"

அந்தப் பக்கம் குரல் தாழ்ந்து வந்தது. "போறது. மேல் வரிசை வரைக்கும் போறது. லீவு போட்டவாளுக்கும் சேர்த்து நானே பாக்கறேன், அதான் வர முடியலை. ஞாயித்துக்கிழமை வரேன். இப்ப வச்சுடுங்கோ, சூபர்வைசர் பின்னாடி நிக்கறா."

என்ன சொன்னாள், என்ன சொன்னாள் என்று சாரா பீவி முந்தானையைப் பிடித்து இழுத்தாள். லூர்துராணி ரிசீவரை இன்னும் காதிலேயே வைத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து எத்தனை மணிக்கு வீட்டுக்குத் திரும்பலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.